இரண்டு வாளி வெந்நீர்

என் மனைவியின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவிக் கீழே விழுந்த அன்று நாங்கள் இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருந்தது. ரங்கூனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பச்சைக் கைலியும் வெள்ளைச் சட்டையும்தான் சீருடை. அந்தப் பச்சைத் துணி எங்கள் வீட்டில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. காலையிலிருந்து வெட்டிக்கொண்டே இருக்கிறாள், கை மரத்துப்போயிருக்கும் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் சொன்னாள். பொறுக்கி எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை என்னைப் பார்த்து, "என்னங்க, இதை என் விரல்ல மாட்டி விடுங்க," என்றாள். மாட்டிவிட்டேன். அன்று இருட்டும்வரை தைத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் காலையில் அவளால் கையை மூட முடியாமல் போனது. விரல் மூட்டுகள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. படுக்கையிலிருந்து எழுந்ததும் முதல் இரண்டு மணி நேரம் சீப்பைப் பிடிக்க முடியாது, ஜாக்கெட் கொக்கியைப் போட முடியாது. மத்தியானம் ஆக ஆகத் தளர்ந்து கொடுக்கும். மறுநாள் காலை மறுபடி கல்லாகிவிடும்.

டாக்டர் ஒரு வயதான பர்மியர். அவள் கைகளைத் தன் மேஜைமேல் வைத்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். "இது முடக்குவாதம். மாத்திரை வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் காலையில் சூடு வேணும். வெந்நீர்ல குளிக்கட்டும். குளிச்சப்புறம் அரை மணி நேரம் கையை வெந்நீர்ல வைக்கட்டும். தினமும். வெயில் காலம் மழைக் காலம்னு பார்க்காதீங்க."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்து என்னிடம் நீட்டும்போது, "பழகிக்கோங்க," என்றார்.

ரங்கூனில் அலோன் என்ற பகுதியில் ஒரு பழைய மர வீட்டின் மாடியில் குடியிருந்தோம். இரண்டு அறை, பின்பக்கம் சின்னச் சமையல் இடம். ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் நான் எழுத்தர். என் தாத்தாவும் அப்பாவும் அதே கரையில் மூட்டை தூக்கியவர்கள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது: அதுவரை என் வாழ்நாளில் நான் அடுப்பு பற்றவைத்ததே கிடையாது.

முதல் நாள் விடியற்காலையில் கரியடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒரு தீப்பெட்டியில் பாதி தீர்ந்தது. கரி பிடிக்கவே இல்லை. அவள் கட்டிலில் படுத்தபடியே உள்ளேயிருந்து சொன்னாள்.

"பெரிய கரியை அடியில வைக்காதீங்க. சில்லு சில்லா இருக்கிறதை முதல்ல போடுங்க."

"போட்டுட்டேன்."

"நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க. அதுக்கு மூச்சு வேணுமில்ல?"

விசிறினேன். சாம்பல் எழும்பிக் கண்ணில் விழுந்தது. பிடித்துக்கொண்டதும் பாதிக் கூடைக் கரியைக் கொட்டிவிட்டேன். இரண்டு வாளித் தண்ணீர் கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. அடுப்பு ஒன்பது மணி வரை சும்மா கனன்றது. அன்று மாலை கிடங்கிலிருந்து திரும்பி வந்தபோது அவள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இப்படி எரிச்சா ஒரு வாரம்கூட வராது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்காகக் கவலைப்பட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

கரி எங்களுக்குக் கீழ்ப்பக்கத்து ஆற்றுமுகத்திலிருந்து படகில் வரும். வீசைக் கணக்கில் விற்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் படகு குறையும், விலை ஏறும். மழை நின்ற பிறகு விலை இறங்க வேண்டும் அல்லவா, அது இறங்காது. என் சம்பளம் ஏறவில்லை. அவளுடைய தையல் வருமானமும் நின்றுபோனது. தைக்கத்தான் முடியவில்லையே. மிதிக்கும் மெஷினை ஒரு வருடம் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். பிறகு விற்றோம். அதை இரண்டு பேர் படியில் இறக்கிக்கொண்டு போனபோது அவள் சமையல் இடத்தில் நின்றுகொண்டாள். மகள்தான் வாசல்வரை போனாள். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும்.

கரியை மிச்சம் பிடிக்க நான் முதலில் நம்பியது மின்சாரத்தை. வாளிக்குள் தொங்கவிடும் கம்பிச் சுருள் ஒன்றைச் சந்தையில் வாங்கிவந்தேன். எங்கள் பக்கத்தில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வந்தாலும் பல்பு பழுத்த மிளகாய் மாதிரிச் சிவப்பாகத்தான் எரியும். ஒரு நாள் விடியற்காலையில் விளக்கு கொஞ்சம் பளிச்சென்று எரிந்தது. ஆசையோடு சுருளைத் தண்ணீரில் விட்டு இணைத்தேன். கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு, கீழ்வீட்டில் ஒரு அலறல்.

கீழ்வீட்டில் இருந்தவள் ஒரு பர்மிய விதவை. எங்கள் வயதுதான் அவளுக்கும். 'அக்கா' என்ற அர்த்தத்தில் நாங்கள் அவளை 'அமா' என்று கூப்பிடுவோம். தெருமுனையில் காலை நேரம் மோஹிங்கா விற்பாள். மீன் குழம்பும் அரிசி நூடுல்ஸும் சேர்ந்த அந்தச் சாப்பாடு இல்லாமல் ரங்கூனில் யாருக்கும் பொழுது விடியாது. மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் ஒரே மின் இணைப்பு. நான் வெந்நீர் போட்டதில் அவளுடைய தொலைக்காட்சிப் பெட்டி கருகிப்போனது. அவள் கணவன் உயிரோடு இருந்தபோது வாங்கிக் கொடுத்தது. நான் கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் பெட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஏழெட்டு மாதம் அவள் எங்களோடு பேசவில்லை.

பிறகு மரத்தூளுக்கு வந்தேன். கிடங்குக்குப் பின்னால் ஒரு மர அறுப்பு ஆலை. அறுத்த தூள் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். காவல்காரர் தெரிந்தவர், ஒரு மூட்டை எடுத்துப் போக விடுவார். மூடி இல்லாத பெரிய தகர டின்னின் நடுவில் ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இடித்துக் கெட்டியாக்கி, புட்டியைத் திருகி மெல்ல உருவினால் நடுவில் குழாய் மாதிரி வழி விழும். அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பற்றவைத்தால் மூன்று மணி நேரம் நின்று எரியும். கரிச் செலவு பாதிக்கும் கீழே வந்தது. தினமும் வேலை முடிந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றோரமாக நடந்து வருவேன். எழுத்தர் தோளில் மூட்டை ஏறிவிட்டதே என்று கிடங்கில் ஒருவன் சிரித்தான். எனக்கு அப்போது சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மூட்டை கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

மழை வந்தது. தூள் ஈரம் உறிஞ்சிக்கொண்டது. ஒரு நாள் காலை அடுப்பு எரியாமல் புகைந்து தள்ளியது. பலகைச் சந்துகள் வழியாகப் புகை நேரே கீழ்வீட்டுக்குள் இறங்கியது. சிறிது நேரத்தில் படியில் திடுதிடுவென்று காலடிச் சத்தம். அமா மேலே வந்துவிட்டாள். கையில் கரண்டியோடு நின்றாள்.

"மனுஷர் இருக்கிற வீடா இது, இல்லை மீன் வாட்டுற கொட்டகையா? முதல்ல பெட்டியை எரிச்சீங்க. இப்ப என்னையும் எரிக்கணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பார்வை உள்ளே போனது. என் மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். புகையில் இருமிக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தக் கையைத் தூக்கினாள். கை வாய்வரை போகவில்லை. மார்புக்கு மேலே அப்படியே நின்றது.

அமா கரண்டியைத் தாழ்த்தினாள். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "இதுக்கா இவ்வளவு நாளும்?" என்று கேட்டாள். "வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

மறுநாள் தேயிலை வந்த மரப்பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். அமா பிறந்தது ஷான் மலைப்பக்கம். அங்கே குளிர் காலத்தில் வீட்டுக்கு நடுவில் தீ மூட்டி அதைச் சுற்றித்தான் படுப்பார்களாம். விறகு கிடைக்காத நாளில் சூட்டைத் தப்பவிடாமல் எப்படிப் பிடித்து வைப்பது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் உமியை அடைத்தாள். நடுவில் ஒரு பானை உட்காரும் அளவுக்குக் குழி. மேலே மூட ஒரு பழைய மெத்தை. "சாயந்திரம் சோறு வடிச்சதும் அடுப்புல மிச்சத் தணல் இருக்குமில்ல, அதுமேல தண்ணியை வை. கொதி வந்ததும் இறக்கி இதுக்குள்ள புதைச்சிடு. காலையில திற."

காலையில் திறந்தேன். விரலை விட்டுப் பார்த்தேன், சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சூடு. பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு வாளிக்கு வந்தது. அதற்கென்று தனியாக ஒரு துண்டுக் கரிகூட எரியவில்லை. என் மனைவி வாளிக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மூன்று வருடம் பெரிய கஷ்டம் இல்லாமல் போனது என்றே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குத் தயக்கம்.

கிடங்கு கைமாறியது. புது முதலாளிக்கு என்னைப் போன்ற எழுத்தர்கள் வேண்டியிருக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள், கூப்பிட்டால் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தன்லியினில் ஒரு துணித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். என் மனைவியின் தங்கை அங்கே இருந்ததால் அவள் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறி வருவாள், சில ஞாயிறு அதுவும் வரமாட்டாள்.

நான் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தவன் மிச்சம் பிடிப்பதையே வேலையாக்கிக்கொண்டேன். சாயந்திரம் சோறும் குழம்பும் என்று இரண்டு தடவை அடுப்பை வைப்பதற்குப் பதிலாக ஒரே கொதியில் எல்லாவற்றையும் முடிக்கப் பழகினேன். கரியைக் கையால் பொறுக்கித்தான் போடுவேன். எரிந்து தணிந்ததில் தண்ணீர் தெளித்து, சாம்பலாகாத துண்டுகளை எடுத்து வெயிலில் காயவைத்து மறுநாளுக்கு வைப்பேன். அப்படி அணைத்துவிட்டால் வெந்நீருக்கு எங்கே தணல்? தண்ணீர் கொதி வருவதற்கு முன்பே இறக்கிவிட்டேன். காலையில் அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இரண்டு வாளி ஒரு வாளியானது. ஒரு வாளி, கையை மட்டும் நனைக்க ஒரு சட்டியானது. வெயில் காலத்தில் அதுவும் எதற்கு என்று நினைத்தேன். எனக்கு வேர்க்கிறதே, அவளுக்கு மட்டும் எங்கே குளிரப்போகிறது?

ஒரு நாள் அவளே சொன்னாள்: "இன்னைக்கு வேண்டாங்க. கை நல்லாத்தான் இருக்கு."

"நிஜமாவா?"

"ஆமா. மாத்திரை கேக்குது போலிருக்கு."

அடுத்த வாரத்தில் இரண்டு நாள் அப்படிச் சொன்னாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு நான் கேட்பதையே விட்டுவிட்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெட்டியில் உமி மக்கிப்போய் வாடை அடித்ததால் கொட்டிவிட்டேன், வெங்காயம் போட்டு வைத்தேன். ஒரு கூடைக் கரி முன்பைவிட இரண்டு மடங்கு நாள் வந்தது. மகள் வந்தபோது அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிப் போனது. அந்த வருடம் மார்கழி வழக்கத்தைவிடக் குளிர். ரங்கூனில் குளிர் என்றால் காலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குத்தான், ஆனால் ஆற்றுக்காற்று சேர்ந்துகொள்ளும். ஒரு சனிக்கிழமை மாலையே மகள் வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கரிப்படகு வந்திருக்கிறதா என்று பார்க்கக் கரைக்குப் போயிருந்தேன். விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வாசலில் மகள் நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

"அப்பா, அம்மா எங்கேன்னு தெரியுமா?"

"மேலதானே இருப்பா?"

"வந்து பாருங்க."

கீழ்வீட்டின் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு தகரச் சாய்ப்பின் கீழ் அமாவின் பெரிய அடுப்பு. அதன்மேல் மோஹிங்காக் குண்டான். என் மனைவி தரையில் ஒரு சாக்கில் அடுப்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் அடுப்பின் மண் பக்கத்தில் அப்பினாற்போல் இருந்தன. அவளுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸ் வேகவைத்த வெந்நீர். என்னைப் பார்த்ததும் கையை எடுக்கப் பார்த்தாள். சட்டென்று எடுக்க வரவில்லை.

மகளுக்குத் தமிழ் சரளமாக வராது. கோபம் வந்தால் முழுக்கப் பர்மியம்தான். அன்று பர்மியத்தில் கத்தினாள். அம்மா தினமும் நான் வெளியே போன பிறகு படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குகிறாளாம். கைப்பிடியைப் பிடிக்க முடியாததால் நின்று இறங்க முடியாதாம். நான் வெளியே போகாத நாளில் அமா மேலே வந்து, என்னிடம் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போவாளாம். ஒரு வருடமாக இது நடக்கிறது. தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"அம்மா கையைப் பார்த்தீங்களா நீங்க? கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டாள் மகள்.

நான் அந்த அடுப்புப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்துப் பார்த்தேன். வலது கையின் நான்கு விரல்களும் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. ஒரே வீட்டில், ஒரே தட்டில் நான் பிசைந்துகொடுத்துச் சாப்பிட்டவள் அவள். எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

அவள் கையை என்னிடமிருந்து மெல்ல இழுத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க அந்தக் கரியை ஒண்ணு ஒண்ணா எடுத்து ஊதித் துடைச்சு வைக்கிறதைப் படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "அதைப் பாத்தப்புறம் எனக்கு எப்படிக் கேக்க வாய் வரும்?"

அமா குண்டானைக் கிளறிக்கொண்டே இருந்தாள். எங்கள் தமிழ் அவளுக்குப் புரியாது. ஆனாலும் புரிந்த மாதிரி, "இரண்டு பேரும் ஊமைங்க," என்று பர்மியத்தில் சொன்னாள்.

அன்று மகள் ஊருக்குத் திரும்பும்போது என்னோடு பேசாமல்தான் பஸ் ஏறினாள். அடுத்த ஞாயிறும் பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு ஒரு தெர்மாஸ் குடுவையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது அம்மாவுக்கு," என்றாள். அத்தோடு கொஞ்சம் சரியானது.

நான் அமாவிடம் போய் ஒரு பேச்சுப் பேசினேன். மோஹிங்கா அடுப்புக்கு அவள் விறகு வாங்கிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குப் பெரிய செலவு. மரத்தூளை நான் தினமும் கொண்டுவந்து, காயவைத்து, டின்னில் இடித்தும் கொடுக்கிறேன், அவள் அடுப்பிலேயே எங்கள் தண்ணீருக்கும் ஒரு வாய் விடட்டும் என்றேன்.

"புகையுமே?"

"புகையாது. மழைக்கு முன்னாடியே சேர்த்து வைக்கிறேன். கட்டிலுக்கு அடியில வைச்சாவது காயவைக்கிறேன்."

"பெட்டிக்கு எப்பக் கணக்குத் தீர்ப்பே?" என்று கேட்டாள். தொலைக்காட்சியைச் சொல்கிறாள். நான் முழித்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெட்டி போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாய்ப்பில் இரண்டாவது அடுப்புவாய் ஒன்றை மண் குழைத்து நானே கட்டினேன். ஒரே தீ, மேலே இரண்டு பாத்திரம். விடிவதற்கு முன்பே அமா குண்டானை ஏற்றுவாள். ஐந்தரைக்கு எங்கள் தண்ணீர் தயாராக இருக்கும். இரண்டு வாளி. கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பதினான்கு படி ஏறுவேன். அவளைக் குளிப்பாட்டுவேன். பிறகு கை வைக்க இன்னொரு வாளி. அது முடிந்ததும் மரத்தூள் எடுக்கப் போவேன். மழை, வெயில், காய்ச்சல், எதுவானாலும் போவேன். இதில் தியாகம் என்று எதுவும் இல்லை. பல நாள் அலுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். ஒரு நாள் படியில் கால் தடுக்கி வாளி கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. அந்தக் கோபத்தில் அவளைப் பார்த்து, "உனக்குத் தண்ணி தூக்கியே என் காலம் போச்சு," என்று கத்திவிட்டேன். அடுத்த மூன்று வாரம் அமாதான் வாளி தூக்கினாள். புண் ஆறியதும் நான் மறுபடி தொடங்கினேன். சொன்ன வார்த்தையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பெரிய புயல் அடித்த வருடம் அடுப்புக் கதை தலைகீழானது. ஒரே நாளில் ரங்கூன் முழுவதும் மரங்கள் விழுந்தன. நூறு வருட மரங்கள் வேரோடு தெருவில் கிடந்தன. எங்கள் கூரையில் நான்கு தகடு போய்விட்டது. மழை நின்றதும் பார்த்தால் வாசலிலேயே விறகு. எத்தனையோ வருடமாகத் துண்டு துண்டாகப் பொறுக்கியவனுக்கு முன்னால் மலை மாதிரி விறகு, காசில்லாமல். தெருவே அரிவாளோடு இறங்கியது. நானும் வெட்டினேன். சாய்ப்பு முழுக்க அடுக்கினேன்.

ஆனால் தண்ணீர் இல்லை. மின்சாரம் போனதால் பம்பு ஓடவில்லை, குழாய் வறண்டுவிட்டது. ஒரு வாளித் தண்ணீருக்கு மூன்று தெரு தள்ளிக் கிணற்றில் வரிசை நிற்க வேண்டும். விறகை அடுக்கி முடித்துவிட்டுக் காலி வாளியோடு அவள் முன்னால் நின்றேன். அவள் விறகைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். குழாயில் தண்ணீர் திரும்ப மூன்று வாரம் ஆனது; அதுவரை தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். விறகும் பச்சை விறகு, புகைதான் அதிகம். எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது.

அதற்கு அடுத்த வருடம் அமாவின் உடம்பு தளர்ந்துவிட்டது. மலைப்பக்கத்திலிருந்து அவள் தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனான். போவதற்கு முன் குண்டானை என் மனைவியிடம் கொடுத்தாள். "இதுல தண்ணி கொதிக்க வை. அடி கனம், சூடு நிக்கும்," என்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை என் மனைவி வாசலில் நின்றாள்.

வலி குறைந்துகொண்டு வருவதை நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், தண்ணீர் வைக்கவில்லை. மத்தியானம் எழுந்து பார்த்தால் அவள் எனக்குக் கஞ்சி வைத்திருந்தாள். இரண்டு முழங்கையாலும் பாத்திரத்தை இடுக்கி இறக்கியிருக்கிறாள். "கை எப்படி இருக்கு?" என்று பதறிக் கேட்டேன். வலிக்கவில்லை என்றாள். இந்த முறை நான் அவள் சொன்னதை நம்பவில்லை. ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

பழைய டாக்டர் இல்லை. அவருடைய மகள் பார்த்தாள். "நோய் தானாகவே அடங்கிவிட்டது. சிலருக்குப் பல வருஷம் கழித்து இப்படி அடங்கும். வலி இனிமேல் பெரிதாக இருக்காது," என்றாள். "விரல்கள்?" என்று கேட்டேன். "அது இனி இப்படித்தான்," என்றாள். வெந்நீர் தேவையா என்று கேட்டதற்கு, வேண்டுமென்றால் குளிக்கலாம், கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மனதில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. "கியாக்தான் போகலாமா?" என்று அவள் கேட்டாள். ஆற்றுக்கு நடுவில் தீவில் இருக்கிற அந்தப் புத்தர் பகோடாவுக்குப் போக வேண்டும் என்று கல்யாணம் ஆன புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பாள். தன்லியினில் மகளையும் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். "வேண்டாம், அவ வேலையில இருப்பா. நாம ரெண்டு பேரும் போவோம்," என்றாள்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கரையிலிருந்து படகு. அங்கே தண்ணீரில் கெளுத்தி மீன்கள் முதுகு தெரியப் புரளும், வருகிறவர்கள் தீனி போடுவார்கள். ரொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவளால் அதைப் பிய்க்க முடியவில்லை. பிய்த்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்காமல் முழு ரொட்டியையும் அப்படியே தண்ணீரில் போட்டாள். மீன்கள் அதன்மேல் ஏறி விழுந்தன.

மண்டபத்துத் தரை குளுகுளுவென்றிருந்தது. தூணில் சாய்ந்தேன், அப்புறம் படுத்தேன். அத்தனை பேர் நடமாட்டத்துக்கு நடுவில் நன்றாகத் தூங்கிவிட்டேன். அவள் முழங்கையால் என் தோளை இடித்து எழுப்பியபோது வெயில் சாய்ந்திருந்தது.

"எழுந்திருங்க," என்றாள். "கடைசிப் படகு போகப்போகுது."